மாசிமகமும் இருளர் குலநினைவும்: மாமல்லபுரக் கடற்கரைக் கூடுகை குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள் எழுத்தில் தம் வரலாற்றை விட்டுச் சென்றவர்கள் அல்லர். நிலப்பங்கோ கல்வெட்டோ கோயில் உரிமையோ அவர்களுக்குச் சான்றாக அமையவில்லை. எனினும் ஆண்டுதோறும் மாசிமக முழுநிலவில் மாமல்லபுரக் கடற்கரையில் அவர்கள் கூடுகின்றனர். கன்னியம்மன் வழிபாடு, மணவுறுதி, திருமணம், காதணி, முடியிறக்கம் ஆகியன அங்கு நிகழ்கின்றன. இக்கட்டுரை அக்கூடுகையை ஒரு சமய விழாவாக மட்டும் கொள்ளாமல், சிதறிய மக்கள் தம் குலத்தொடர்பைக் காத்துவரும் நிறுவனமாக ஆராய்கிறது. சங்க இலக்கியம், காலனியக் காலப் பதிவுகள், வனச் சட்டங்கள், பாம்புத்தோல் வணிகத்தின் முடிவு, நஞ்சு எடுக்கும் கூட்டுறவு அமைப்பின் தோற்றம் ஆகியவற்றின் வழியே இருளர் வாழ்வில் நேர்ந்த மாற்றங்கள் தொகுத்து நோக்கப்படுகின்றன. ஆப்பிரிக்காவின் புகாண்டா நாட்டுக் குலங்களின் வரலாறு ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: இருளர், கன்னியம்மன், மாசிமகம், மாமல்லபுரம், குலம், வனச்சட்டம், பகாண்டா, இனச்சான்று

முன்னுரை

ஒரு குலத்தின் வரலாறு பெரும்பாலும் மூன்று இடங்களில் தங்கியிருக்கும். முன்னோரைப் புதைத்த நிலம், குலதெய்வம் உறையும் இடம், மணவுறவை வரையறுக்கும் பெயர்கள் ஆகியன அவை. தமிழகத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் மணவுறவை ஒன்பது நகரக்கோயில்களைக் கொண்டு வரையறுத்தனர். ஒரே கோயிலைச் சார்ந்தோர் பங்காளிகளாவர். அவர்களுக்குள் பெண் கொடுத்தல் கொள்ளுதல் பொதுவாக இல்லை. இத்தகைய குலங்களின் வரலாற்றை எழுதுவது ஒப்பீட்டளவில் எளிது. கோயில் உண்டு, கணக்கு உண்டு, கல்வெட்டு உண்டு.

நிலமும் கோயிலும் எழுத்தும் இல்லாத மக்களின் குலவரலாறு எங்கே தங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. அதற்கு விடை தேடப் பொருத்தமான களம் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை ஆகும். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், திருக்கழுக்குன்றம் ஆகியவற்றை உள்ளடக்கிய இப்பகுதியில் பல்லவர் கற்றளிகளும் டச்சுக் கோட்டையும் அணுமின் நிலையமும் அதன் பணியாளர்க்கான அணுபுரம் குடியிருப்பும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட வரலாறு உண்டு. இவற்றுக்கிடையே ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் குடிசையிட்டு வாழும் இருளர்க்கு அத்தகைய வரலாறு இல்லை. இக்குறை வெறும் ஆய்வுக்குறை அன்று. இன்று அம்மக்களின் பிள்ளைகள் கல்விச் சலுகை பெறுவதற்கும் குடும்பங்கள் மனைப்பட்டா பெறுவதற்கும் தாம் இன்னார் என்பதை ஆவணத்தால் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. ஆதலால் வரலாறு என்பது அவர்களுக்கு அன்றாடத் தேவையாகிவிட்டது.

இருளர்: பெயரும் பரப்பும்

இருளர் தமிழகத்தின் வடகடலோர மாவட்டங்களிலும் நீலகிரி, கோயம்புத்தூர் மலைப்பகுதிகளிலும் வாழ்கின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அவர்கள் எண்ணிக்கை 1,89,000-ஐக் கடந்தது. பட்டியல் பழங்குடிகளுள் மலையாளிகளுக்கு அடுத்த பெருந்தொகையினர் இவர்களே. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து, சிறப்புக் கவனம் பெற வேண்டிய நலிவுற்ற பழங்குடிகள் என்று நடுவணரசு வகைப்படுத்திய ஆறு தமிழகக் குழுக்களுள் இருளரும் ஒருவர்.

ஒரே பெயரால் வழங்கப்பட்டாலும் மலை இருளரும் சமவெளி இருளரும் மொழியிலும் சமூக அமைப்பிலும் வேறுபடுகின்றனர். நீலகிரி இருளர் மொழி தமிழின் வட்டார வழக்கு அன்று, தென்திராவிடக் கிளையின் தனிமொழி என்பதைக் கமில் சுவலபில் தம் விரிவான ஆய்வுகளால் நிலைநாட்டினார். சமவெளி இருளர் பேசுவது தமிழே. மலை இருளரிடையே பெயருடைய புறமணக் குலங்கள் பதிவாகியுள்ளன. சமவெளியில் அத்தகைய குலப்பெயர்கள் முதன்மை பெறவில்லை. பங்காளி, மாமன் மச்சான் என்னும் உறவுமுறையே அங்கு மணத்தை வரையறுக்கிறது. உறவுமுறை நினைவில் நிற்கவேண்டுமானால் உறவினர் ஒருவரையொருவர் காணவேண்டும். கூலிவேலைக்காக ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பெயரும் சிறுசிறு குடும்பங்களுக்கு அக்காட்சி எளிதன்று. மாசிமகக் கூடுகையின் சமூகத் தேவை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

இலக்கியச் சான்றும் அதன் எல்லையும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. காஞ்சியை நோக்கிச் செல்லும் பாணன் வழியில் காணும் குடியிருப்புகளை அது வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் எயினர் குடியிருப்பும் ஒன்று. ஈந்தின் இலை வேய்ந்த குடிசை, இரும்பு முனை பொருத்திய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி எயிற்றியர் சேர்க்கும் புல்லரிசி, நிலத்தில் குழித்த உரலில் அதைக் குற்றுதல், உவர்நீரில் சமைத்தல், உலர்ந்த ஊன் ஆகியன அங்கே விவரிக்கப்படுகின்றன. அதே பாடல் நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறையையும் பாடுகிறது. அத்துறையை மாமல்லபுரத்தோடு இணைத்துக் காணும் ஆய்வாளர்களும் உளர்.

அறுவடைக்குப் பின் வயல்வரப்பில் எலிவளையைக் கடப்பாரையால் தோண்டி, எலி சேர்த்துவைத்த நெல்லையும் எலியையும் ஒருசேர எடுக்கும் இருளர் வழக்கத்தை அறிந்தோர்க்கு எயிற்றியர் காட்சி மிக அணுக்கமாகத் தோன்றும். ஆயினும் இவ்வொப்புமையைக் கொண்டு எயினரே இருளர் என்று முடிவுகட்டுதல் முறையன்று. நிலத்தைக் கிளறி உணவு தேடுதல் வறண்ட குறுங்காட்டு நிலம் கற்பிக்கும் தொழில். அது ஒரே குருதிவழிக்குச் சான்றாகாது. பெரும்பாணாற்றுப்படை உறுதிப்படுத்துவது வேறொன்று. தொண்டைநாட்டில் நெல்வயலும் துறைமுகமும் நகரும் தழைத்த காலத்திலேயே, அவற்றுக்கு நடுவில், நிலத்தைத் தோண்டி உண்ணும் மக்களும் வாழ்ந்தனர். வேளாண் நாகரிகத்துக்கு முந்திய எச்சமாக அல்லாமல், அதனோடு உடன்வாழ்ந்த வாழ்முறையாக இதனைக் காணவேண்டும். இருளர் வரலாற்றையும் இந்த உடன்வாழ்வின் வரலாறாகவே வாசிக்கவேண்டியுள்ளது. நெல்வயல் இல்லையேல் எலிவளை நெல்லும் இல்லை. எலியைப் பிடிப்போர் இல்லையேல் உழவனின் களஞ்சியம் குறையும்.

பதிவுகளின் மையமும் விளிம்பும்

செங்கல்பட்டு ஆவணங்கள் மிகுந்த மாவட்டம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்தபோதே இதன் ஊர்கள் அளக்கப்பட்டன. 1799-இல் லயனல் பிளேஸ் மிராசு உரிமை குறித்து விரிவான அறிக்கை அளித்தார். 1879-இல் சார்லஸ் ஸ்டூவர்ட் குரோல் எழுதிய மாவட்டக் கையேடு வெளிவந்தது. இப்பதிவுகளின் மையம் பயிர்நிலமும் அதன் பங்கும் வரியும் ஆகும். நிலத்தில் பங்கு உடையோர் மிராசுதாரராகவும் உழைத்தோர் பண்ணையாளாகவும் அதில் இடம்பெற்றனர். காட்டிலிருந்தும் வரப்பிலிருந்தும் வாழ்வு பெற்றோர் அம்மையத்துக்கு வெளியே நின்றனர். வரி செலுத்தாதார் வரலாற்றில் இடம்பெறுவது அரிது.

எட்கர் தர்ஸ்டனும் க. ரங்காச்சாரியும் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளைக் கொண்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் நூல் இருளர்க்குத் தனிப்பகுதி ஒதுக்கியது. மலை இருளரையும் சமவெளி இருளரையும் அது பிரித்து விவரிக்கிறது. வில்லியர் என்னும் பெயரையும் சுட்டுகிறது. ஆனால் அந்நூலின் நோக்கு வகைப்படுத்துதல். உடலளவு, உணவு, மணம், இறப்பு என்னும் தலைப்புகளில் மக்கள் அடுக்கப்பட்டனர். அவர்கள் தம்மைப் பற்றி என்ன கருதினர் என்பது அவ்வடுக்கில் சிறு இடமே பெற்றது. பின்வந்த பதிவுகள் பல இதையே மீள எழுதின. இதனால் இருளர் காலத்தோடு மாறாதவர் என்னும் எண்ணம் கல்விப்புலத்திலும் அலுவலகங்களிலும் வேரூன்றியது.

வனச்சட்டமும் தோல் வணிகமும்

இருளர் வாழ்வில் நேர்ந்த முதற்பெரும் மாற்றம் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தோடு தொடர்புடையது. அச்சட்டத்தின்கீழ்க் காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. செங்கல்பட்டின் முட்புதர்க் குறுங்காடுகளும் இதற்கு விலக்கல்ல. விறகு, தேன், கிழங்கு, மூலிகை சேர்த்தல் அதுவரை வழக்கமாக இருந்தது. இனி அது அனுமதிக்கு உட்பட்டதாகவோ குற்றமாகவோ ஆயிற்று. காட்டின் மீது எழுத்துவழி உரிமை கோர இருளரிடம் எதுவும் இல்லை. உரிமையின்றிப் பழகிய நிலத்தில் அவர்கள் ஒரே நாளில் அத்துமீறுவோர் ஆயினர்.

காட்டுப்பொருள் சுருங்கியபோது பாம்புத்தோல் வருவாயாயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தைக்கான காலணி, கைப்பை, இடைவார் ஆகியவற்றுக்காகச் சென்னையிலிருந்து பாம்புத்தோல் பெருமளவில் ஏற்றுமதியானது. சாரைப்பாம்பு, நல்லபாம்பு, மலைப்பாம்பு ஆகியவற்றின் தோல்கள் விலைபோயின. பாம்பின் தடத்தையும் உரித்த சட்டையையும் எச்சத்தையும் கொண்டு வளையில் இருப்பது எதுவெனச் சொல்லக்கூடிய அறிவு இருளரிடம் இருந்தது. வணிகரிடம் இல்லாத அவ்வறிவே அத்தொழிலின் அடித்தளம். ஆயினும் இலாபத்தின் பெரும்பகுதி தோல் பதனிடுவோர்க்கும் ஏற்றுமதியாளர்க்குமே சென்றது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. உயிரினப் பாதுகாப்பு நோக்கில் இத்தடை தவிர்க்க இயலாதது. ஆனால் அதன் சுமையைத் தாங்கியோர் ஏற்றுமதியாளர் அல்லர். அவர்கள் வேறு வணிகத்துக்கு மாற முடிந்தது. பாம்பு பிடித்த குடும்பங்களுக்கு மாற்றுத்தொழில் இல்லை. அரிசி ஆலை, செங்கற்சூளை, சவுக்குத்தோப்பு மரவெட்டு ஆகியவற்றில் முன்பணம் பெற்று வேலைக்குச் சேர்ந்த பலர் கொத்தடிமை நிலையில் சிக்கினர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதே 1976-ஆம் ஆண்டில் நிறைவேறியது என்பது கருதத்தக்கது. ஒரு சட்டம் காட்டுத்தொழிலை மூடியது. மற்றொரு சட்டம் தடைசெய்த அடிமைநிலைக்குள் அதே மக்கள் தள்ளப்பட்டனர். அச்சட்டத்தின்கீழ் வடதமிழகத்தில் பின்னாளில் மீட்கப்பட்டோருள் இருளர் குடும்பங்கள் பல.

நஞ்சு எடுக்கும் கூட்டுறவு

இந்நிலையில் பழைய அறிவைப் புதிய பயனுக்குத் திருப்பிய முயற்சி வடநெம்மேலியில் தோன்றியது. சென்னை முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் இந்தியாவில் பெருமளவு உயிரிழப்பை ஏற்படுத்துவன. வனத்துறை ஆண்டுதோறும் வழங்கும் அனுமதிக்கு உட்பட்டு உறுப்பினர்கள் இவற்றைப் பிடித்து வருகின்றனர். பாம்புகள் வாய் துணியால் கட்டப்பட்ட மண்பானைகளில் ஏறத்தாழ மூன்று நான்கு வாரம் வைக்கப்படுகின்றன. வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கப்படுகிறது. பின்னர் அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. உறைகுளிர்வில் உலர்த்தப்பட்ட நஞ்சு, நச்சுமுறி மருந்து உருவாக்கும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறுசிறு அளவில் அந்நஞ்சு செலுத்தப்பட்டு, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து பெறப்படுகிறது.

இப்பணியின் அளவை உணர ஓர் எண் போதும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். வடநெம்மேலியின் மண்பானைகள் இந்நாட்டின் நச்சுமுறி மருந்துத் தொழிலுக்கு நெடுங்காலம் மூலப்பொருள் அளித்துள்ளன.

சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கு அயல்வரவாகப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டறிந்து பிடிப்பதில் அவர்கள் பங்காற்றினர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குற்றமாகக் கருதப்பட்ட ஓர் அறிவு அரை நூற்றாண்டுக்குள் நாட்டின் விருதைப் பெற்றது. ஆயினும் இவ்வெற்றி ஒரு சில நூறு உறுப்பினர்க்கு உரியது. அவ்வருவாயும் ஆண்டு அனுமதியைச் சார்ந்தது. அனுமதி வரும்வரை பானைகள் வெறுமையாகவே இருக்கும். காட்டுப்பாம்பினின்று அன்றி, வளர்ப்பில் நெடுநாள் வைக்கப்பட்ட பாம்பினின்றே நஞ்சு எடுக்கப்பட வேண்டும் என்னும் உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டுதலும் இம்முறையின் எதிர்காலத்தை வினாவுக்கு உட்படுத்தியுள்ளது. தண்டரையில் இருளர் மகளிர் நலச்சங்கம் மேற்கொண்ட மூலிகை, நாற்றங்கால் பணிகள் பழைய அறிவுக்கு மற்றுமொரு வாயிலைத் திறந்தன.

கன்னியம்மனும் கடலும்

சமவெளி இருளரின் முதன்மைத் தெய்வம் கன்னியம்மன். ஏழு கன்னியரின் உருவாக அவள் கொள்ளப்படுகிறாள். தொண்டைநாட்டு ஊர்களில் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் ஏழு கற்களாக நிற்கும் கன்னிமார் வழிபாடு பல சமூகத்தார்க்கும் பொதுவானது. பிராமி, மகேசுவரி எனப் பெயரும் ஊர்தியும் படைக்கலமும் பெற்றுப் பல்லவர் காலம் முதல் சிற்பமாக வடிக்கப்பட்ட ஏழு தாய்மாரிலிருந்து இக்கன்னிமார் வேறுபடுகின்றனர். அவர்களுக்குத் தனித்தனி உருவமில்லை, கருவறையும் இல்லை. கல்லும் மண்ணும் நீரும் அவர்களுக்குப் போதும்.

கன்னியம்மன் சினங்கொண்டு கடலுக்குச் சென்றுவிடுகிறாள் என்பதும், அவளை வேண்டித் தம் இருப்பிடத்துக்கு அழைத்துவர இருளர் கடற்கரை செல்கின்றனர் என்பதும் இக்கூடுகைக்கு அவர்கள் கூறும் காரணம். மாசி மாத முழுநிலவை ஒட்டிச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் வருகின்றனர். மணலில் கழி நட்டுப் புடவைகளைச் சுற்றிக் கட்டிய தற்காலிகக் குடில்களில் தங்குகின்றனர். இரவு முழுதும் சமையலும் பாட்டும் பேச்சும் நிகழ்கின்றன. விடியலில் கடலோரத்தில் மணலால் ஏழு படிகள் அமைத்து, பூவும் பொரியும் தேங்காயும் வெற்றிலையும் படைத்து வழிபடுகின்றனர். அருள்வந்து ஆடுவோர் வாயிலாகத் தெய்வம் பேசுகிறது. அம்மணற்படிகளின் முன்னிலையில் பெரியவர்கள் தாலி எடுத்துக்கொடுக்க மணங்கள் நிகழ்கின்றன. புரோகிதர் இல்லை, மண்டபம் இல்லை. சில மணித்துளிகளில் அலை படிகளைக் கரைத்துவிடுகிறது.

இதே நாளில் அதே கடற்கரைக்குக் கோயில் தெய்வங்களும் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகின்றன. வடிவில் ஒத்தாலும் இரு நிகழ்வுகளின் திசை எதிரெதிரானது. கோயில் தெய்வம் ஊரிலிருந்து கடலுக்குச் சென்று நீராடித் திரும்புகிறது. அதன் இருப்பிடம் உறுதியானது. கன்னியம்மனோ மக்களை விட்டு நீங்கியவள். அவளை ஆண்டுதோறும் மீண்டும் வேண்டிப் பெறவேண்டும். உறைவிடம் உறுதிப்படாத மக்களின் தெய்வமும் உறைவிடம் உறுதிப்படாதவளாக இருப்பது தற்செயலன்று. நிலையான கோயிலைக் கொண்ட குலம் நிலம் பறிபோனால் தெய்வத்தையும் இழக்கும் இடருக்கு உட்பட்டது. மணலில் படி அமைத்து வழிபடும் குலத்திடமிருந்து பறிக்கத்தக்க கருவறை ஏதுமில்லை.

சமூக அமைப்பின் நோக்கில் இக்கூடுகை மேலும் முக்கியமானது. பல மாவட்டங்களில் நான்கு வீடு ஐந்து வீடு எனச் சிதறி வாழும் குடும்பங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்ப்பது இங்கே. இன்னார் இன்னார்க்குப் பங்காளி, இன்னார் மாமன்முறை என்று முதியோர் சொல்லித் தருவது இங்கே. கொத்தடிமையில் சிக்கிய குடும்பத்தின் செய்தி உறவினர்க்கு எட்டுவதும், பிணக்குகள் பேசித் தீர்க்கப்படுவதும் இங்கேதான். ஏட்டில் எழுதப்படாத குலப்பதிவேடு ஆண்டுக்கு ஒருமுறை மணலில் விரிக்கப்படுகிறது எனலாம்.

பகாண்டா குலங்கள்: ஓர் ஒப்பீடு

குலமும் நிலமும் ஆவணமும் ஒன்றோடொன்று கொண்ட தொடர்பை விளங்கிக்கொள்ள உகாண்டாவின் பகாண்டா மக்களின் வரலாறு துணைசெய்கிறது. விக்டோரியா ஏரியின் வடமேற்குக் கரையில் அமைந்த புகாண்டா அரசில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குலங்கள் ஏற்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குலக்குறி உண்டு. நுரையீரல் மீன், கொலோபசுக் குரங்கு, வெட்டுக்கிளி ஆகியன அவற்றுட் சில. தம் குலக்குறியை உண்ணுதலும் தம் குலத்துக்குள் மணத்தலும் பொதுவாக விலக்கு. குலத்தலைவர் பதவி பெயரோடு வழிவழி வருகிறது. நுரையீரல்மீன் குலத்தலைவரான கபுங்கா அரசரின் படகுப்படைக்குப் பொறுப்பானவர். குலத்தின் முன்னோர் அடக்கம் பெற்ற நிலம் புடாக்கா எனப்பட்டது.

1900-ஆம் ஆண்டில் பிரித்தானியருடன் ஏற்பட்ட ஒப்பந்தம் புகாண்டா நிலத்தைச் சதுரமைல் கணக்கில் பங்கிட்டது. அரசரும் ஏறத்தாழ ஆயிரம் தலைவர்களும் பிறரும் தனியுடைமை பெற்றனர். அடக்கநிலங்கள் பல குலத்தாரின் கையைவிட்டுத் தனியார்க்குச் சென்றன. 1920-களில் குலத்தலைவர்கள் ஒன்றுகூடி இதை எதிர்த்து முறையிட்டனர். சென்னை வனச்சட்டத்துக்கும் இவ்வொப்பந்தத்துக்கும் இடையே 18 ஆண்டு இடைவெளியே உள்ளது. இரண்டும் வழக்குரிமையை எழுத்துரிமையால் பதிலீடு செய்தன.

வேறுபாடும் தெளிவானது. ஒப்பந்தத்தின்போது தலைமை அமைச்சராக இருந்த அப்போலோ கக்வா வெட்டுக்கிளிக் குலத்தவர். அவர் குலவரலாறுகளைத் தம் மொழியிலேயே அச்சிட்டார். ஜான் ரோஸ்கோ 1911-இல் பகாண்டா பற்றி எழுதிய நூலுக்கும் அவர் உதவினார். தர்ஸ்டன் நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் அது வெளியாயிற்று. பகாண்டா குலங்கள் பிறரால் எழுதப்பட்ட அதே காலத்தில் தம்மைத் தாமும் எழுதிக்கொண்டன. 1967-இல் அரசு ஒழிக்கப்பட்டபோதும் குலங்கள் அழியவில்லை. 1993-இல் அரசமரபு மீட்கப்பட்டபோது அவை தம் இடத்தை மீண்டும் பெற்றன. முறையிட அவர்களுக்குப் பெயருடைய தலைவரும் சுட்டிக்காட்ட அடக்கநிலமும் அச்சிட்ட வழிமுறையும் இருந்தன. செங்கல்பட்டு இருளர்க்கு இம்மூன்றும் இல்லை. இருந்தது கடற்கரை ஒன்றே.

சான்றுக்கான வேட்டை

இன்றைய நிலையில் இவ்வேறுபாடு அலுவலக வாயிலில் வெளிப்படுகிறது. தமிழகத்தில் பழங்குடியினர் இனச்சான்று வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படுகிறது. பெற்றோரின் சான்று, பள்ளி ஆவணம், குடியிருப்புச் சான்று ஆகியன எதிர்பார்க்கப்படுகின்றன. பள்ளி செல்லாத பெற்றோர், பிறர் நிலத்தில் குடிசையிட்ட குடும்பம், கூலிக்காக மாவட்டம் மாறியோர் ஆகியோரிடம் இவை இருத்தல் அரிது. சான்றின்றிப் பத்தாம் வகுப்போடு கல்வி நிற்கும் பிள்ளைகள் உண்டு. விண்ணப்பித்தவர்க்குப் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று வினவுவதாகவும் செய்திகள் வந்துள்ளன. நூறாண்டுக்கு முந்தைய வகைப்பாட்டு நூலின் நிழல் இவ்வினாவில் படிந்துள்ளது. தொழில் மாறியவர் இனமும் மாறியவர் என்னும் தவறான கருத்தே அதன் அடிப்படை. பாம்பு பிடிப்பதைச் சட்டம் தடுத்தது. பாம்பு பிடித்துக் காட்டுமாறு அலுவலகம் கேட்கிறது.

2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் எழுத்தாவணத்தை மட்டும் சான்றாகக் கொள்ளவில்லை. முதியோர் வாக்குமூலம், வழிபாட்டிடம், அடக்கநிலம் போன்ற இடஅடையாளங்களையும் அது ஏற்கிறது. வழக்குரிமையைப் பறித்த நீண்ட சட்டமரபில் இது ஒரு திருப்பம். இனச்சான்று நடைமுறையிலும் இந்நோக்கை விரிவுபடுத்துதல் இயலும். உறவுமுறை வாக்குமூலம், மணவழித் தொடர்பு, மாசிமகக் கூடுகையில் பங்கேற்பு ஆகியன ஒரு குடும்பத்தின் இனத்தைத் தொழிலைவிட நம்பகமாகக் காட்டுவன. ஏனெனில் தொழிலைக் காலம் மாற்றும்; உறவுமுறையைக் கூடுகை காக்கும்.

அக்கூடுகைக்கும் இடர்கள் உண்டு. மாமல்லபுரம் 1984-இல் உலக மரபுச்சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. நினைவுச்சின்னப் பாதுகாப்பு, சுற்றுலா விடுதிகள், கடலரிப்புத் தடுப்புக் கற்குவியல் ஆகியவற்றால் மணற்பரப்பு சுருங்கிவருகிறது. மரபுச்சின்னம் என்னும் சொல் கல்லுக்கு மட்டும் உரியதாகக் கருதப்படும்போது, கல்லில் எதையும் விட்டுச் செல்லாதோரின் மரபு இடையூறாகத் தோன்றக்கூடும். குடிநீர், கழிப்பிடம், பெண்கள் பாதுகாப்பு ஆகிய வசதிகளோடு அவ்விரவுகளுக்கு ஒரு பகுதியை உறுதிசெய்தல் பெருஞ்செலவு அன்று.

முடிவுரை

செங்கல்பட்டு இருளரின் வரலாறு மாறாத காட்டுவாழ்வின் வரலாறு அன்று. வேளாண் ஊர்களோடு உடன்வாழ்ந்து, வனச்சட்டத்தால் காட்டை இழந்து, உலகச் சந்தைக்குத் தோல் அளித்து, தடையால் கூலிகளாகி, தம் அறிவை உயிர்காக்கும் மருந்துக்கு மூலமாக்கிய மாற்றங்களின் வரலாறு அது. இம்மாற்றங்களுக்கிடையே அவர்களை ஒரு மக்களாக நிறுத்தியது தொழிலோ நிலமோ அன்று. உறவுமுறையும் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் மாசிமகக் கூடுகையுமே.

பகாண்டா குலங்களுக்கு அடக்கநிலம் எதுவோ, நகரத்தார்க்கு நகரக்கோயில் எதுவோ, அதுவே சமவெளி இருளர்க்கு மாமல்லபுர மணல். முன்னைய இரண்டையும் வரலாறு சான்றாக ஏற்றுக்கொண்டது. மூன்றாவதையும் அவ்வாறே ஏற்பதற்கு ஆய்வுலகம் முதற்கண் அதனைப் பதிவுசெய்ய வேண்டும். முதியோர் நினைவிலுள்ள உறவுவழிகள், இடப்பெயர்ச்சிகள், வழிபாட்டுப் பாடல்கள் ஆகியவற்றை அவர்களின் இசைவோடும், அவர்களுள் கற்றோரின் பங்கேற்போடும் தொகுத்தல் இன்றைய உடனடிப் பணி. பதிவு அவர்கள் கையிலும் இருத்தல் வேண்டும். பிறர் எழுதிய வரலாற்றைக் கொண்டு தம்மை மெய்ப்பிக்க வேண்டிய நிலை அப்போதுதான் மாறும்.